முதல் பிரசவம்: நோவு எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: "எனக்கு 34 வாரம், முதல் குழந்தை. வளைகாப்பு முடிந்து குடியாத்தம் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மே 12 தேதி கொடுத்திருக்கிறார்கள். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, ராத்திரி ஷிப்ட்டும் உண்டு. ரத்தம் 9.8 என்றார்கள். சூட்டு வலி எது, நிஜ நோவு எது என்று எப்படித் தெரியும்? எப்போது கிளம்ப வேண்டும்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? உள்ளே என்ன செய்வார்கள்?"

மே 12 என்பதை ஒரே நாளாகப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கடைசியாக மாதவிலக்கான முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டிச் சொல்வதுதான் அந்தத் தேதி. சரியாக அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். உங்கள் கணக்கில் ஏப்ரல் 21 அன்று 37 வாரம் நிறைகிறது. அன்று முதல் எந்த ராத்திரியும் பிரசவ ராத்திரியாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 19 வந்தால் 41 வாரம். அதற்கு மேல் நஞ்சுக்கொடியின் வலு குறையத் தொடங்கும் என்பதால் வலி வரவழைக்க அட்மிட் ஆகச் சொல்வார்கள். "தானா வரட்டும்" என்று அப்போது வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நீங்கள் வலியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி, கூட யார் வருவது, யார் சரி என்று சொல்வது என ராத்திரி 2 மணிக்கு வாசலில் நின்று பேசும் அரை மணி நேரம்தான் பல பிரசவங்களைச் சிக்கலாக்குகிறது. பகலில், எல்லோரும் நிதானமாக இருக்கும்போது, இவற்றை இந்த வாரமே முடித்துவிடுங்கள். நோவு எடுத்த பிறகு யாரும் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது.

முதலில் ரத்தம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 இருக்கிற உடம்பு அதைத் தாங்கும், 8 இருக்கிற உடம்பு தாங்காது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு ரத்தம்தான் போயிருக்கும், ஒருத்தி எழுந்து குழந்தைக்குப் பால் கொடுப்பாள், இன்னொருத்தி மயங்கிக் கிடப்பாள். உங்களுக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடோ பாலோடோ விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். இரண்டுக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விட்டு, இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலும் சரி. மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். 36 வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். ஏறாமல் இருந்தால் இரும்புச்சத்தை ட்ரிப்ஸில் ஏற்றலாமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். முருங்கைக்கீரை, ஈரல், கம்பு எல்லாம் நல்லதுதான், ஆனால் இத்தனை குறைந்த நாளில் சாப்பாடு மட்டும் ரத்தத்தை ஏற்றிவிடாது. ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்து ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும்.

உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி முறமும் இருக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கிறோமே என்று நீங்கள் பீடி சுற்ற உட்கார வேண்டாம். புகையிலையின் நிக்கோட்டின் கைத்தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், அது வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. குழந்தை பிறந்த பிறகும் புகையிலை கொட்டி வைக்கும் அறையில் தொட்டில் கட்டக் கூடாது.

அடுத்தது எந்த ஆஸ்பத்திரி என்பது. எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கு 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். உங்களுக்கு ரத்தம் குறைவு என்பதால், ராத்திரியிலும் ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி உள்ள சீமாங் மையத்துக்குப் போவதே நல்லது. குடியாத்தம் அரசு மருத்துவமனையில் ராத்திரி நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, உங்கள் வகை ரத்தம் கிடைக்குமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே கேளுங்கள். இல்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரஷர் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்திருப்பது, நஞ்சு கீழே இறங்கியிருப்பது, முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், இதய நோய் உள்ளவர்கள் இவர்களெல்லாம் நடுவில் எங்கும் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினால் அதிலேயே 2 மணி நேரம் போய்விடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோ வேறு தனியார் மருத்துவமனையோ பார்ப்பதாக இருந்தால், முன்பே பதிந்து அங்கே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். நோவோடு போய் நின்று, உங்கள் விவரங்கள் எதுவும் தெரியாதவர்களிடம் முதலிலிருந்து சொல்வது நேர விரயம்.

வழி. குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக அடுக்கம்பாறை போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 108 இலவசம். அதில் வரும் உதவியாளர் பிரசவம் பார்க்கவும் பயிற்சி பெற்றவர். ஆனாலும் ராத்திரியில் எழுந்து வரக்கூடிய இரண்டு கார் டிரைவர்களின் எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பைக் வேண்டாம். ஷேர் ஆட்டோவும் வேண்டாம். உங்கள் தேதிக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. வைகாசி 1, அதாவது மே நடுவில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குக் குடியாத்தம் ஊருக்குள் வண்டி நகராது என்பது உங்கள் அம்மாவுக்கே தெரியும். அதற்குள் பிறக்கவில்லை என்றால், முந்தின நாளே ஊரைச் சுற்றிப் போகும் வழியைப் பார்த்து வையுங்கள், அல்லது வேலூரில் உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்குங்கள். அல்லேரி, பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமத்துப் பெண்களுக்கு இதையே இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நோவு எடுத்த பிறகு மலை இறங்குவது என்ற எண்ணமே கூடாது. 38 வாரத்திலேயே கீழே வந்து தங்கிவிட வேண்டும்.

கையெழுத்து. மேஜரான பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதமே போதும், உங்கள் கையெழுத்தே செல்லும். கணவர் ஷிப்ட்டில் இருந்தாலும் மாமியார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாலும் ஆபரேஷனுக்காகவோ ரத்தம் ஏற்றுவதற்காகவோ யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இதை இரண்டு வீட்டாரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். ராகு காலம் போகட்டும், நல்ல நேரத்தில் கிளம்பலாம் என்ற பேச்சையும் இப்போதே முடித்துவிடுங்கள். வேலூரில் சி.எம்.சி. உருவானதற்கே ஒரு ராத்திரியில் போன மூன்று உயிர்கள்தான் காரணம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், ஆண் டாக்டர் வரக் கூடாது என்றார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்போது மருத்துவம் படித்திராத ஐடா ஸ்கடர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். இன்று ஆண் டாக்டர் என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் "பெரியவங்க வரட்டும்" என்று நேரம் போவது இன்னும் நிற்கவில்லை.

கூட யார் வருவது? அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டு. பிரசவம் கண்ட, பதற்றப்படாத ஒருத்தியாக இருக்கட்டும். பெற்ற அம்மாவே வர வேண்டும் என்றில்லை. மகள் வலியைப் பார்த்து அழுதுவிடும் அம்மாவைவிட, "மூச்ச விடு, அவ்ளோதான், போயிடுச்சு பாரு" என்று இடுப்பை அழுத்திவிடும் சின்னம்மாவோ அண்ணியோ அந்த நேரத்துக்கு உதவுவார்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரையும் இப்போதே சொல்லி வையுங்கள். அவர்கள் போன் ராத்திரியில் அணைந்திருக்கக் கூடாது.

பை ஏப்ரல் 15-க்குள் தயாராக இருக்கட்டும். தாய் சேய் அட்டை, ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), வங்கிப் புத்தக நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். பிக்மி எண் இல்லாமல் மகப்பேறு உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். துணியில் முன்பக்கம் திறக்கிற நைட்டி 4, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்திப் புடவை 4, பெரிய அளவு நாப்கின் 2 பாக்கெட், உள்ளாடை 6. குழந்தைக்கு மெல்லிய வேட்டித் துணியைக் கிழித்து 15 துண்டு, தொப்பி ஒன்று. புதுத் துணியைத் துவைக்காமல் போடக் கூடாது. வாளி, குவளை, தட்டு, டம்ளர், பிளாஸ்க், விசிறி, சார்ஜர், செருப்பு. வண்டி சீட்டில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. நகை எதுவும் வேண்டாம். வளைகாப்பு வளையலைப் பிரசவம் பார்ப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கையில் வைத்திருப்பார்கள். ஊசி குத்தவும் பிரஷர் பார்க்கவும் அது இடைஞ்சல், உடைந்தால் கிழிக்கும். கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், அங்கே கொடுத்தால் போயிற்று. நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு நகம் தெரிய வேண்டும்.

இனி நோவு. 36 வாரத்துக்கு மேல் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்கும். மூச்சு லேசாகும், ஆனால் அடிக்கடி சிறுநீர் வரும், தொடைச் சந்து கனக்கும். இது நோவு இல்லை. வெள்ளைச் சளி போல, லேசாக ரத்தக் கோடு கலந்து போவது கருப்பை வாய் இளகுவதன் அடையாளம். அன்றே வலி வரலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

சூட்டு வலி என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வலி மாதிரி வந்தால் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் நோவு என்பார்கள். உடம்பில் நீர் வற்றினால் கருப்பை வீணாக இறுகும், தண்ணீர் குடித்துப் படுத்தால் விட்டுவிடும். அந்தக் கஷாயத்தில் வேலை செய்வது சீரகத்தைவிட அதில் இருக்கும் தண்ணீர்தான். வேலூர் மாவட்டத்தில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். உங்கள் கடைசி வாரங்கள் சரியாக அதில்தான் வருகின்றன. ஆகவே ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர், அதில் மோரும் இளநீரும் நீர்த்த கேழ்வரகுக் கூழும் சேர்த்தி. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பொருள். இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும்: 37 வாரத்துக்கு முன் வலி வந்து தண்ணீர் குடித்தும் ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் அது குறைமாத நோவாக இருக்கலாம், உடனே போக வேண்டும்.

நிஜ நோவு பெரும்பாலும் நடு இடுப்பில் தொடங்கி முன்பக்கம் அடிவயிற்றுக்குச் சுற்றி வரும். வயிறு முழுவதும் கல் போல இறுகி, பிறகு முழுசாக இளகும். நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் நீண்டுகொண்டே போகும். கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை எண்ணுவதுதான் இடைவெளி. பலர் வலி முடிந்ததிலிருந்து எண்ணித் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முதல் பிரசவத்தில், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், 5 நிமிஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 45 முதல் 60 விநாடி, ஒரு மணி நேரமாக இதே மாதிரி என்றானதும் கிளம்பினால் போதும். உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம் இருப்பதால் 7, 8 நிமிஷ இடைவெளியிலேயே கிளம்புங்கள். இரண்டாவது பிரசவமாக இருந்தால் 10 நிமிஷ இடைவெளியே போதும், அவர்களுக்கு வேகமாக முடிந்துவிடும்.

வலியை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டிய நேரங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் மணியைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள், நாப்கின் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தெளிந்த நீராக, லேசான வைக்கோல் நிறத்தில் இருந்தால் நிதானமாகப் போகலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, தாமதம் கூடாது. தண்ணீரோடு கயிறு போல தொப்புள்கொடி வெளியே தெரிந்தால், அதைத் தொடாமல், உள்ளே தள்ளாமல், முழங்காலிட்டுத் தலையைத் தரையோடு தாழ்த்தி இடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்கத்தான் அந்த நிலை. மாதவிலக்கு போலச் சிவப்பாக ரத்தம் போவது, இளகாமல் வயிறு தொடர்ந்து கல்லாகவே இருப்பது, கடுமையான தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது இவற்றில் எது ஒன்று வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். வலிப்பு வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியும் கூடாது, கையில் சாவியும் கூடாது. குழந்தை அசைவு குறைந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். சாப்பிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து, 2 மணி நேரத்தில் 10 அசைவு இல்லை என்றால் காலை வரைக்கும் பொறுக்க வேண்டாம். "கடைசி மாசம் இடம் இல்ல, அதான் அசையல" என்று சொல்வது சரியில்லை. உதை மாறிப் புரள்வதாகலாம், எண்ணிக்கை குறையக் கூடாது.

வலி தொடங்கிய ஆரம்ப மணிகளை வீட்டில் எப்படிக் கழிப்பது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கருப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும். அதில் முதல் 5 செ.மீ. மிக மெதுவாகப் போகும். முதல் பிரசவத்தில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பயந்துபோய் சாப்பிடாமல், தூங்காமல், வலிக்கு வலி முக்கிக்கொண்டிருந்தால் கடைசியில் தள்ள வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது. இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று இலேசாகச் சாப்பிடுங்கள். வலிக்கு நடுவில் தூங்க முடிந்தால் தூங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை இடுப்பில் ஊற்றிக் குளியுங்கள். முற்றத்தில் நடங்கள். வலி வரும்போது மூக்கால் இழுத்து வாயால் ஊதுவது போல மெதுவாக மூச்சை விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். தோளையும் தாடையையும் இறுக்காதீர்கள், தாடை தளர்ந்தால் கீழேயும் தளரும்.

விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். அது குடலைக் கிளறும். பேதியாகி உடம்பு வற்றிப்போகும், குழந்தையும் உள்ளேயே மலம் போகக்கூடும். அதைவிட ஆபத்தானது, வீட்டுக்கு வந்து நோவை வரவழைக்கும் "வலி ஊசி" போடுவது. ஆஸ்பத்திரியில் அதே மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைப்பார்கள். சதையில் மொத்தமாகப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. விடாத வலியில் குழந்தைக்கு மூச்சு முட்டும், கருப்பையே கிழியலாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்த ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தார். குழந்தை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் பிரஷர், நாடி, காய்ச்சல் பார்ப்பார்கள். வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள், நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். உள்ளே விரலால் பார்த்து எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது என்பார்கள். வலி இல்லாத நேரத்தில், மூச்சை வெளியே விட்டபடி, முழங்காலைத் தளரவிட்டால் அது அதிகம் வலிக்காது. எல்லாம் சரியாக இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். 5 செ.மீ.க்கு மேல் வேகம் பிடிக்கும். மல்லாந்தே படுத்திருக்காதீர்கள். கருப்பையின் எடை முதுகுப் பக்கம் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, உங்களுக்கு மயக்கமும் குழந்தைக்கு ரத்தக் குறைவும் வரும். இடப்பக்கம் ஒருக்களியுங்கள், உட்காருங்கள், அனுமதித்தால் வார்டுக்குள் நடங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள், நிறைந்த பை தலை இறங்குவதை மறிக்கும். 8 செ.மீ. தாண்டும்போது நடுக்கம், வாந்தி, "என்னால முடியல, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்ற நிலை வரும். அதுதான் மிகக் கடினமான கட்டம், பெரும்பாலும் மிகக் குறுகியதும்கூட. துணைக்கு வருபவரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். கத்தினால் திட்டுவார்களோ என்று பயந்து அடக்க வேண்டாம். ஆனால் உச்சக் குரலில் கத்தினால் மூச்சு வீணாகும். "ஊ" என்று அடித்தொண்டையில் முனகினால் உடம்பு கீழ்நோக்கி வேலை செய்யும்.

மலம் வருவது போல முட்டும். உடனே முக்கக் கூடாது. முழுவதும் திறந்ததா என்று பார்த்துச் சொல்லும் வரை நாய் இளைப்பது போலச் சின்னச் சின்னதாக மூச்சு விடுங்கள். திறப்பதற்கு முன் முக்கினால் கருப்பை வாய் வீங்கி, திறப்பது தடைபடலாம். முழுதாகத் திறந்த பிறகு, வலி வரும்போது மட்டும், மோவாயை மார்பில் பதித்து, மலம் கழிப்பது போலக் கீழே தள்ளுங்கள். கழுத்தில் முக்கினால் முகம்தான் சிவக்கும். முதல் பிரசவத்தில் இது 1, 2 மணி நேரம், சிலருக்கு 3 வரைகூட ஆகும். தலை வெளியே தெரியும்போது எரியும். அப்போது "தள்ளாதே" என்பார்கள். நிறுத்தி இளைப்பு மூச்சு விட்டால் தோல் மெல்ல விரிந்து கிழிசல் குறையும். எல்லோருக்கும் வெட்டித் தையல் போடத் தேவையில்லை. போட்டால் மரப்பு ஊசி கேளுங்கள், நூல் தானே கரையும். வயிற்றின் மேல் ஏறி அழுத்தித் தள்ளுவது தேவையற்றது, ஆபத்தும்கூட. உங்கள் துணை அதை மரியாதையாக வேண்டாம் என்று சொல்லலாம்.

ஆபரேஷன் பற்றி. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் ஆபரேஷன்தான். அதில் எல்லாமே தேவைதானா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை 36 வாரத்தில் டாக்டரிடம் கேளுங்கள், லேபர் வார்டில் குழந்தையின் துடிப்பு இறங்கும்போது அல்ல. துடிப்பு இறங்கி ஏறாமல் இருப்பது, நல்ல வலி இருந்தும் மணிக்கணக்காகத் திறப்பு நகராதது, தலை இடுப்பில் சிக்குவது, ரத்தப்போக்கு இவை தெளிவான காரணங்கள். "கொடி சுத்தியிருக்கு" என்பது மட்டும் காரணம் ஆகாது. கழுத்தில் ஒரு சுற்றோடு ஏராளமான குழந்தைகள் நல்லபடியாகப் பிறக்கின்றன.

குழந்தை வந்ததும் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். கருப்பை சுருங்கி ரத்தம் நிற்க அது. அரை மணி நேரத்துக்குள் நஞ்சு விழ வேண்டும். அழுத குழந்தையைத் துடைத்து, துணி இல்லாமல் உங்கள் மார்பில் போடச் சொல்லுங்கள். கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டுவது குழந்தைக்கு ரத்தம் சேர்க்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் சேனை வைப்பதும் கூடாது. பாட்டிமார் மனம் வருந்தாமல் இருக்க, நாவில் வைக்காமல் நெற்றியில் தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்லலாம்.

வழியிலேயே பிறந்துவிட்டால் வண்டியை ஓரம் நிறுத்துங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், தானாக வருவதைத் தாங்கிப் பிடியுங்கள். துடைத்து, தாய் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்து மூடுங்கள். கொடியை வெட்டவும் வேண்டாம், நஞ்சை இழுக்கவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் அங்கேயே இருங்கள், ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் நாளில்தான் வரும். வீடு திரும்ப 102 வண்டி இலவசம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்க்கலாம், அவசரமில்லை.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று பத்தியம் வைப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அதைக் கேட்காதீர்கள், பால் வற்றும், சிறுநீர் எரியும், மலம் கட்டித் தையல் வலிக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கேட்டபோதெல்லாம் குடியுங்கள். குழந்தைக்கு மட்டும் சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலிலேயே அதன் தாகமும் அடங்கும். 8 முதல் 12 தடவை பால் குடித்து, ஐந்தாம் நாளிலிருந்து 6 தடவை சிறுநீர் போனால் போதுமானது கிடைக்கிறது. வீட்டில் குல்லாவும் கம்பளியும் சுற்றி ஜன்னலை அடைக்காதீர்கள். ஒரு சுற்றுப் பருத்தித் துணி போதும், மின்விசிறி நேராக அடிக்காமல் ஓடலாம். உடம்பு சுட்டால் முதலில் துணியைத் தளர்த்திப் பால் கொடுங்கள். அப்படியும் சுட்டால், அல்லது பால் குடிக்காமல் சோர்ந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், ஆஸ்பத்திரிதான். தொப்புளில் பவுடர், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்காமல் காய விடுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவு ரத்தக்கட்டி போனால், நாற்றத்தோடு போக்கும் குளிர்காய்ச்சலும் இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால், தீட்டு கழியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். பிரசவமாகி 42 நாள் வரை இந்தக் கவனம் தேவை.